சின்னவளை அனுப்புங்கள், மாமியாருக்கு ஊசி போடுங்கள்

வாசகர் கேள்வி (2022 ஜனவரி கடைசியில், கொரோனா மூன்றாம் அலையின்போது வந்தது):

டாக்டர், நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. அவள் யு.கே.ஜி. முடிக்கும் நேரத்தில் ஊரடங்கு வந்தது. ஒன்றாம் வகுப்பு முழுக்க செல்போனில்தான். போன நவம்பரில் பள்ளி திறந்தார்கள். தீபாவளி, மழை, வெள்ளம் என்று விட்ட லீவு போக, அவள் வகுப்பில் உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜனவரி பிறந்ததும் மறுபடி மூடினார்கள். இப்போது பிப்ரவரி 1 முதல் எல்லா வகுப்புக்கும் பள்ளி உண்டு என்கிறார்கள். நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. ‘டாஸ்மாக் திறந்திருக்கு, பள்ளிக்கூடம் மட்டும் மூடணுமா’ என்று ஒரு கோஷ்டி. ‘படிப்பு போனா பிடிச்சிக்கலாம், உயிர் போனா வருமா’ என்று இன்னொரு கோஷ்டி. வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் பான்பரி மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அனுப்பவே கூடாது என்கிறார். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டதும் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. இரண்டாவதுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகள் அவரோடுதான் தூங்குவாள். பெரியவனுக்கு இந்த மாதம் பள்ளியிலேயே கோவாக்சின் போட்டார்கள். சின்னவளுக்கு ஊசியே இன்னும் வரவில்லை. வரும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? கூட்டத்தில் நான் என்ன பேசுவது? அவள் வேறு போகமாட்டேன் என்று அழுகிறாள். மே மாதம் ஏழு வயது முடிகிறது.

– ஒரு வாசகி, கடலூர்

குழந்தைநல மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சின்னவளை அனுப்புங்கள். ஊசி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எப்போது போடுவார்கள் என்று இந்த 2022 ஜனவரி வரை யாரும் தேதி சொல்லவில்லை. தேதி தெரியாத ஒன்றை நம்பி இரண்டாம் வகுப்பையும் கோட்டைவிட முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சின்னவளைப் பற்றிய கவலை அவ்வளவு வரவில்லை. மாமியாரைப் பற்றித்தான் வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் பயம். அதை வீண் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். கூட்டத்திலும் அப்படிப் பேசாதீர்கள், எடுபடாது. ‘குழந்தைகளுக்குக் கொரோனா வராது, வந்தாலும் பரப்பமாட்டார்கள்’ என்று 2020இல் படித்தவர்களே சொன்னார்கள். அது சரியில்லை என்று காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்தில் நடந்ததுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தொற்று வந்தவர்களோடு பழகியவர்கள் என்று சுகாதாரப் பணியாளர்கள் தேடிப்பிடித்த ஐந்தே முக்கால் லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. 2020 கடைசியில் சயின்ஸ் இதழில் வந்தது. கிட்டத்தட்ட ஒரே வயதுள்ள குழந்தைகள் ஒருவருக்கொருவர் நன்றாகவே கொடுத்துக்கொள்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஆக, 40 பிள்ளைகளை ஓர் அறையில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தங்களோடு பழகிய ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மிச்சம் மூன்று பேர்தான் அத்தனை பேருக்கும் கொடுத்தவர்கள். அந்த மூன்று பேர் யார் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் எந்த மாதிரி இடத்தில் ஒருவர் பத்துப் பேருக்குக் கொடுப்பார் என்பது இந்த இரண்டு வருஷத்தில் நன்றாகத் தெரிந்துவிட்டது: காற்று வெளியேறாத அறை, நெருக்கமான கூட்டம், சத்தமான பேச்சு, நீண்ட நேரம். பள்ளியைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த நாலில்தான் வந்து நிற்கும்.

சரி, பள்ளியை மூடி வைத்ததால் குழந்தைகளுக்கு வராமல் இருந்ததா? 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்தது. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயது வரை 61 சதவீதத்துக்கு மேலும் கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. அதாவது பள்ளி பூட்டிக் கிடந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்து போயிருந்தது. எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்துதான். பெரியவர்கள் வெளியே போய்க் கொண்டுவந்தது. நம் மாவட்டத்துக்கு இது புதுக் கதையும் இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது நினைவிருக்கும். அப்போது பள்ளிகள் மூடி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் காசு வாங்கிச் சில்லறை கொடுப்பவர் அவர். உங்கள் வீட்டுக்குள் நோய் வர இருக்கும் வழிகளில் அவர்தான் முதல் வழி. சின்னவளின் வகுப்பு அதற்குப் பிறகுதான். அவர் கடையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

ஒரு வருஷம் முன்பு பக்கத்து ஊரில் நடந்ததையும் பாருங்கள். 2021 ஜனவரி 4 அன்றே புதுவையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து அரை நாள் பள்ளி திறந்தார்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பாகூர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். இந்தப் பக்கம் நம் பிள்ளைகள் செல்போனோடு இருந்தார்கள். நம் தொடக்கப் பள்ளிகள் அந்த நவம்பரில்தான் திறந்தன. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அதனால் புதுவையில் தொற்று எகிறிவிடவில்லை. மார்ச், ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது இரண்டு பக்கமும் சேர்ந்தே எழுந்தது. இதை வைத்துப் பள்ளியால் பரவாது என்று நிரூபிக்க முடியாது. அப்போது ஊரிலேயே தொற்று குறைவு, அரை நாள்தான் வகுப்பு. ஊரில் குறைவாக இருக்கும்போது, பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தால் பள்ளி நடத்தலாம் என்ற அளவுக்கு அது சாட்சி. அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

இந்த ஜனவரியில் என் கிளினிக்கில் காய்ச்சலோடு வந்த குழந்தைகள் நிறைய. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, கொஞ்சம் வாந்தி; சின்னக் குழந்தைகளுக்கு நாய் குரைப்பது போல ஓர் இருமல். பாராசிட்டமாலும் தண்ணீரும் கஞ்சியும் போதுமானதாக இருந்தது. பாராசிட்டமால் எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்கிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சின்னவள் விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது மூச்சு. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். அவள் வயதில் 30க்கு மேல் போனாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று அபூர்வமாக வருவது. கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி மூன்று நாளாக விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி. இது வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வைத்தியம் இருக்கிறது, கேட்கும்.

இருதயக் கோளாறு, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை, சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு, கட்டுப்படாத ஆஸ்துமா – இப்படி ஏதாவது உள்ள குழந்தைகளின் கதை வேறு. அவர்களின் பெற்றோர் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் பார்க்கும் டாக்டரிடம் கேட்கட்டும். கூட்டத்தில் அப்படி ஒரு தாய் எழுந்து ‘நான் அனுப்பமாட்டேன்’ என்றால் அவரை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடம் வீட்டுக்குப் போக வேண்டும்.

‘படிப்பு போனா பிடிச்சிக்கலாம்’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஒரு ஸ்மார்ட்போனும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் உள்ளவர்கள். போன ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் சுமார் 1,400 ஏழைக் குழந்தைகளிடம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. கிராமத்துக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். எதுவுமே படிக்காமல் இருந்தவர்கள் 37 சதவீதம். எனக்கு இதைப் படிக்க அறிக்கை தேவைப்படவில்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து 12 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். பத்து விரலும் நுனியில் கருத்து, தோல் உரிந்து, கட்டைவிரலில் கொப்புளம். பூஞ்சையா, வேறு ஏதாவதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அம்மாதான் மெதுவாகச் சொன்னார், முந்திரி உடைக்கப் போகிறான் என்று. முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் அப்படி அரித்துவிடும். ‘பள்ளிக்கூடம் இல்லையே சார், சும்மாதானே இருக்கான்’ என்றார். அவனுக்குக் கொரோனா வரவில்லை. மூடிய பள்ளியால் காயம்பட்டவர்கள் கணக்கில் அவனைச் சேர்க்க எந்தப் பட்டியலும் கிடையாது.

உங்கள் மகளுக்கு முந்திரித் தோப்பு இல்லை. ஆனால் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக வேண்டிய வயது இதுதான். பத்தாம் வகுப்புப் பையன் ஆன்லைனில் ஓரளவு சமாளிப்பான். ஆறு வயதுக் குழந்தை பென்சில் பிடிப்பதை ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். போன ஜூலையிலேயே ஐ.சி.எம்.ஆர். தலைவர் முதலில் தொடக்கப் பள்ளியைத் திறக்கலாம் என்றார். டென்மார்க்கில் 2020 ஏப்ரலிலேயே சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நாம் பொதுத்தேர்வை நினைத்துப் பெரிய வகுப்புகளிலிருந்து தொடங்கினோம். எனக்கு அதில் இன்றைக்கும் உடன்பாடில்லை. டென்மார்க் வகுப்பறையையும் நம் வகுப்பறையையும் ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் வரிசை தலைகீழாகிவிட்டது.

இனி மாமியார் விஷயம்.

68 வயது, சர்க்கரை, பிரஷர், ஒரே ஒரு டோஸ். உங்கள் வீட்டில் கொரோனாவால் ஐ.சி.யு.வுக்குப் போகக்கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது அவர்தான். ஒரு டோஸ் அவருக்குப் போதாது. கோவிஷீல்டுக்கு இரண்டாவது டோஸ் 84 நாள் கழித்து; அவருக்கு எப்போதோ கடந்திருக்கும். கடந்துவிட்டதே, மறுபடி முதலிலிருந்து போடணுமா என்று கேட்பார். வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் சரி. முதல் ஊசிக்கு வந்த காய்ச்சல் உடம்பு ஊசியை ஏற்றுக்கொண்டு வேலை செய்ததால் வந்தது. இரண்டாவது டோஸில் பெரும்பாலும் அவ்வளவு வராது, வந்தாலும் பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். வாராவாரம் முகாம் நடக்கிறது; சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். பூஸ்டர் என்று இந்த 2022 ஜனவரி 10 முதல் 60 வயதைத் தாண்டிய இணைநோய் உள்ளவர்களுக்குப் போடுகிறார்கள். அது இரண்டாவது டோஸ் போட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான். உங்கள் மாமியார் அந்த வரிசைக்கே இன்னும் வந்து சேரவில்லை.

அவரை யார் சம்மதிக்க வைப்பது? நீங்கள் சொன்னால் மருமகள் சொல்வதாகிவிடும். உங்கள் கணவர் சொல்லட்டும். ‘பள்ளிக்கு அனுப்பினால் அம்மாவுக்கு ஆபத்து’ என்று வாதிடுகிறவர், அம்மாவுக்கு ஊசி போட ஒரு அரை நாள் கடையை மூடட்டும். இதை நான் எழுதினதாகவே அவரிடம் காட்டுங்கள், பரவாயில்லை.

ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை சின்னவள் பாட்டியோடு படுக்க வேண்டாம். குழந்தை அழும், பாட்டிக்கும் மனசு கஷ்டப்படும். பகலில் வாசல் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதை பேசட்டும், ராத்திரி மூடிய அறையில் எட்டு மணி நேரம் ஒரே தலையணையில் வேண்டாம். இன்னொரு விஷயம், பிப்ரவரி 19 வார்டு தேர்தல். மாநகராட்சியான பிறகு கடலூருக்கு முதல் தேர்தல் என்பதால் ஒருத்தர் விடாமல் கும்பலாக வாசலுக்கு வருவார்கள், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுக் கேட்பார்கள். பேத்தியைத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு வேட்பாளருக்குக் கை கொடுத்தால் நான் சொன்னதெல்லாம் வீண். மாமியார் கும்பிடு போட்டு அனுப்பினால் போதும். நல்ல மாஸ்க் ஒன்று, என்-95 மாதிரி, வாங்குவதானால் அவருக்கு வாங்குங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, கூட்டத்தில் ‘திறக்கலாமா வேண்டாமா’ என்று கைதூக்கச் சொல்வதில் பிரயோசனமில்லை. அதை அரசு முடிவு செய்துவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று. என் அனுபவத்தில் இந்தக் கூட்டங்கள் வாசலில் வைக்கும் சானிடைசர், நெற்றியில் காட்டும் காய்ச்சல் துப்பாக்கி, பெஞ்சுக்கு மருந்தடிப்பது என்று பேசியே முடிந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் காற்றில் வருகிறது, பெஞ்சில் தொட்டு வருவது மிகக் குறைவு. தெர்மாமீட்டரோ, காலையில் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய பிள்ளையைப் பிடிக்காது. பெஞ்சுக்குப் பெஞ்சு பிளாஸ்டிக் தடுப்பு வைப்பது இருக்கிற காற்றோட்டத்தையும் கெடுக்கும்.

கூட்டத்துக்கு முதல் நாள் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, வகுப்பறைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலையும் கையால் தள்ளிப் பாருங்கள். இரண்டு வருஷமாகப் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த கட்டடம், நம் ஊர் உப்புக் காற்று. கீல் துருப்பிடித்துப் பாதி ஜன்னல் அசையாது. பெயிண்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டது கொஞ்சம். பீரோவை இழுத்து ஜன்னலுக்கு முன்னால் வைத்திருப்பது கொஞ்சம். பழைய ஓட்டுக் கட்டடமாக இருந்தால் கவலை குறைவு, கூரை உயரம், ஓட்டிடுக்கில் காற்று தானாகப் போய் வரும். புதுக் கட்டடத்துக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல்தான் மோசம், என்ன செய்தாலும் பாதிதான் திறக்கும். சீலிங் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும், வெளியே தள்ளாது. ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டால் அறைக் காற்று வெளியே போகும், புதுக் காற்று உள்ளே வரும்.

இதைச் சோதிக்க ஒரு வழி. வழக்கமாக வகுப்பு நடக்கும்போது எப்படித் திறந்திருக்குமோ அப்படியே விட்டு, அறையின் பின்மூலையில் இரண்டு ஊதுபத்தி கொளுத்திவையுங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்தும் புகை அங்கேயே தொங்கினால் அந்த அறையில் பிள்ளைகளின் மூச்சும் அப்படித்தான் தொங்கும். குத்துமதிப்பான சோதனைதான், ஆனால் பத்துப் பெற்றோர் கண்ணெதிரே செய்தால் அதற்கு மேல் விவாதம் தேவைப்படாது. காசு திரட்ட முடிந்தால் நாம் மூச்சில் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று அளக்கும் கருவி ஒன்று பள்ளிக்கு வாங்கலாம், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். வகுப்பு நடக்கும்போது 800க்குள் இருந்தால் நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் அந்த அறையில் பாதிப் பேரை வராந்தாவுக்கு மாற்ற வேண்டும்.

பிப்ரவரியில் திறப்பது ஒரு வகையில் நமக்கு நல்லதுதான். நவம்பர் மாதிரி சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டியதில்லை. மழை ஓய்ந்துவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. வராந்தாவிலும் மரத்தடியிலும் தாராளமாக வகுப்பு எடுக்கலாம். சின்ன வகுப்புகளை அங்கே தள்ளுங்கள், சத்தமாக வாய்ப்பாடு சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

சாப்பாட்டு நேரம் யாரும் யோசிக்காத நேரம். காலை முழுக்க மாஸ்க் போட்டுத் தள்ளி உட்கார்ந்த பிள்ளைகள், மணி அடித்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஒரே டப்பாவில் கை விடுவார்கள். பந்தியில் உட்கார்வது போல ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்த்து, வெளியே உட்காரவையுங்கள். வகுப்பு வகுப்பாக நேரம் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மாஸ்க் உங்கள் மகளின் வயதில் போடலாம், போட வேண்டும். துணி மாஸ்க் மூக்கு வரை ஒட்டியிருந்தால் போதும். பையில் இரண்டு கூடுதலாக வைத்துவிடுங்கள், நனைந்ததை மாட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: சின்னவள் எதில் போகிறாள்? ஷேர் ஆட்டோ என்றால், வகுப்பறையைவிட அதில்தான் எனக்குப் பயம் அதிகம். மடியில் ஒன்று, கம்பியில் ஒன்று என்று ஏற்றிக்கொண்டு, பனி என்று இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிடுவார்கள். படுதாவைச் சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள். ஆட்டோக்காரர் இரண்டு டோஸ் போட்டிருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சமையல் செய்பவர், ஆயா, வாட்ச்மேன் இவர்களைப் பற்றியும் அதே கேள்வி. ஆசிரியர்களை எல்லாரும் கேட்பார்கள், இவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். நடக்கிற தூரம்தான் என்றால் உங்கள் பெரியவன் கொண்டுபோய் விடட்டும். அவனுக்கு 28 நாள் முடிந்ததும் இரண்டாவது கோவாக்சினை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, காய்ச்சலோ இருமலோ உள்ள பிள்ளை பள்ளிக்கு வராமல் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு. இது பெற்றோர் கையில் இருக்கிறது. ஆனால் பள்ளி ஒன்று செய்ய வேண்டும்: முழு வருகைக்குப் பரிசு, லீவு போட்டால் ‘ஏன் வரலை’ என்று எல்லார் முன்னாலும் நிற்கவைப்பது, இதெல்லாம் இந்த வருஷம் கூடாது. தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். கொரோனா உறுதியானால் இந்த 2022 ஜனவரி விதிப்படி ஏழு நாள் வீட்டில், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அப்புறம் வரலாம். ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்த வகுப்பை மட்டும் கவனிப்பதா, முழுப் பள்ளியையும் மூடுவதா என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றைக்குப் பேசினால் பயத்தில் மூடத்தான் தோன்றும். என் யோசனை அந்த வகுப்போடு நிறுத்துவது. பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால் அட்மின் அடுத்த நிமிடம் அழிக்க வேண்டும். பெயர் வெளிவந்தால் அடுத்த குடும்பம் பரிசோதனையே செய்யாது.

கட்டணம் வசூலிக்கத்தான் திறக்கிறார்கள் என்று யாராவது கிளப்புவார்கள். இருக்கலாம். ஜன்னல் திறக்கிறதா என்ற கேள்விக்கு அதனால் பதில் மாறாது; அந்தப் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

கடைசியாக, சின்னவளின் அழுகை. இரண்டு வருஷமாக ‘வெளியே போகாதே, கொரோனா பிடித்துக்கொள்ளும்’ என்று நாமே சொல்லிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று போ என்றால் எந்தக் குழந்தையும் அழும். திறப்பதற்கு முன்பே ஒருநாள் சாயங்காலம் பள்ளிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கழிப்பறை எங்கே என்பது உட்பட. நிறையக் குழந்தைகள் வயிற்று வலி என்று அழுவதற்குக் காரணம் கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கிவைப்பது. முதல் வாரம் வீட்டுப்பாடம் கேட்காதீர்கள். எழுத்து மறந்திருந்தால் ஆசிரியர் பார்த்துக்கொள்வார், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே நிலைமையில்தான் இருப்பார்கள். இரண்டு வாரம் தாண்டியும் காலையில் வாந்தி, இரவில் படுக்கையை நனைப்பது என்று தொடர்ந்தால் கூட்டிவாருங்கள்.

அப்படி வரும்போது அவளுடைய தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். ஐந்து வயது முடிந்ததும் போடும் முத்தடுப்பு ஊசி, அதாவது டி.பி.டி. பூஸ்டர், அவளுக்கு 2020இல் வந்திருக்க வேண்டும். ஊரடங்கில் நிறையப் பேருக்கு அது விட்டுப்போயிருக்கிறது. ஏழு வயது முடியும் முன்பு அதைப் போட்டுவிட வேண்டும். மே வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.